சீர்த்தட்டில் ஒரு ஃப்யூயல் பம்பு

ஜனவரி 4, ஞாயிறு

மிதுனாவின் காருக்கு, டாங்கிக்குள் வைக்கும் ஃப்யூயல் பம்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை இன்று தொடங்கியது. இதைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்களிடம் கார் இருக்கலாம். எஞ்சின் இருக்காது.

கார் பழையது, சின்னது. அதன் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன்களை மாற்றி, டர்போ பூட்டி, கம்பெனி கொடுத்த சக்தியை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திவிட்டேன். கம்பெனி வைத்த பம்புக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. அது பழைய எஞ்சினுக்கு ஊட்டிய அளவையே இதற்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் போதாத டர்போ எஞ்சினில் பிஸ்டன் உருகும். எங்களிடம் எஞ்சின் ஒன்றுதான்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி பல்லடம் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில் கால்மைல் பந்தயம். மிதுனா ஓட்டுகிறாள். பார்க்கச் சென்னை அணி ஒன்றிலிருந்து ஆள் வருகிறார். அவள் பிரிவில் முதல் மூன்றுக்குள் வந்தால் அடுத்த பருவம் முழுவதும் அந்த அணிக்காக ஓட்டலாம். வராவிட்டால் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை காத்திருக்கிறது. என் மகள் அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது மற்றவர்கள் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும் குரல் வரும்.

மதியம் என் மனைவி சுகந்தியின் அண்ணன் சென்னியப்பன் வந்தார். போர்வெல் மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். கோயம்புத்தூரில் இது ஒரு தொழில் என்பதைவிட ஒரு நோய் என்றே சொல்லலாம். எங்கள் வீட்டு போர்வெல்லிலும் அவருடைய மோட்டார்தான். பதினாறு வருடமாக ஒரு முறைகூடப் பழுதாகாமல் என்னை அவமானப்படுத்தி வருகிறது.

"ஏனுங் மாப்ள, பம்பு வாங்கறீங்களாமா? அம்மிணி சொல்லுச்சு."

"இது வேற பம்புங்க மச்சான். தண்ணிப் பம்பு இல்லீங்க."

"தண்ணிக்குள்ள முங்கி ஓடுனா என்னங்க, பெட்ரோலுக்குள்ள முங்கி ஓடுனா என்னங்க? முங்கறது முங்கறதுதானுங்களே."

"அப்ப எருமையும் பம்புதானுங்க."

சுகந்தி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். அவர் சிரித்தார். சிரித்தால் அவர் விடமாட்டார் என்று அர்த்தம்.

"எத்தன லிட்டருங்க?"

"மணிக்கு எரநூத்தம்பத்தஞ்சு."

"எந்த ஹெட்டுலீங்க, எவ்வளவு ஒசரம் தள்ளோணுமுங்க? நூறடி போர்ல கொட்டற மோட்டார ஆயிரத்தைநூறு அடியில எறக்குனா சொட்டுமுங்க. டர்போ காத்த அமுத்தி வுடுதில்லீங்க, அத எதுத்துக்கிட்டு பெட்ரோலு உள்ள போவோணும். அமுத்தம் ஏற ஏற பம்பு குடுக்கறது கொறையுமுங்க. பொட்டி மேல அத எழுத மாட்டானுங்க."

இணையத்தில் நான் பார்த்த பெட்டியில் அது எழுதியிருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஓர் உண்மை உடனே உண்மையாகிவிடாது.

ஜனவரி 7, புதன்

சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். நான் தேர்ந்தெடுத்த வெளிநாட்டுப் பம்பை ஆர்டர் செய்தேன். சுகந்தி என்னோடு பேசவில்லை. நிறைய வேலை நடந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

சுகந்தி பேசினாள்.

"பம்பு எங்கண்ணன் வாங்கித் தர்றாராமா. சீராட்டம்."

"என்ன சீர்?"

"தாய்மாமன் சீருங்க. காது குத்தறப்ப ஆஸ்பத்திரியில கூட்டிப்போயிக் குத்திட்டு வந்துட்டீங்க. பெரியவளானப்ப அதெல்லாம் மூடப்பழக்கம்னு வாசல்லயே சொல்லி அனுப்பிச்சிட்டீங்க. அவருக்கு இருக்கறது ஒரே ஒரு மருமவ. ஒரு தட்டு தூக்க வுட்டீங்களா நீங்க?"

விட்டதில்லை. கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும்போது சடங்குகளைக் கைவிட்டவன் நான். எதையும் சோதித்துப் பார்த்து, சான்று இருந்தால் மட்டுமே ஏற்பது என்பது என் வழி. எஞ்சின் தொழிலில் என்னை நிலைநிறுத்தியதும் அதுதான். ஃப்யூயல் பம்பைப் பாரம்பரிய உரிமையாக நினைப்பவரிடம் இதை எப்படி விளக்குவது?

"எங்கிட்டப் பம்பு இருக்குது" என்றேன். அது இன்னும் வழியில்தான் இருந்தது.

"பொண்ணும் எங்கிட்டத்தான் இருக்கா, கல்யாணத்துக்கு வராதீங்கன்னு சொன்ன மாதிரி இருக்குது" என்றாள். அவள் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் உவமை நன்றாக வரும். தர்க்கம்தான் வராது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மச்சான் வீட்டுக்குப் போனோம். பானை பொங்கும்போது எல்லாரும் கூவினார்கள். நான் கூவவில்லை.

தை பிறந்துவிட்டதால் நல்ல நாள் பார்த்துச் சீர் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். மிதுனா, "வாங்க மாமா" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு பம்புதானப்பா" என்றாள். எனக்கும் அவளுக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டு. எஞ்சினைப் பற்றி அவள் கேள்வி கேட்க மாட்டாள். ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். ஆறு வருடமாக ஒரு சண்டையும் வராததற்கு அதுதான் காரணம். இன்று அவள் கொஞ்சம் எல்லை தாண்டினாள். பொங்கல் என்பதால் விட்டுவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

என் பம்பு வந்துவிட்டது. அழகான பொருள், கையில் வைத்தால் குளிர்ச்சி. பட்டறையில் சோதனை மேடையில் பூட்டி, பந்தயத்தில் வரும் அழுத்தத்துக்கு ஏற்றி, ஊற்றும் பெட்ரோலை அளந்தேன்.

என் கணக்கின்படி எஞ்சினுக்கு மணிக்கு நூற்றுத் தொண்ணூறு லிட்டராவது வேண்டும். நூற்று அறுபத்தெட்டு வந்தது. பிரஷர் கேஜ் பழையது. மாற்ற வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

புது கேஜ் வாங்கினேன். நூற்று அறுபத்தேழு. பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஜனவரி 22, வியாழன்

புது பேட்டரி, தடித்த வயர், புது ரிலே. நூற்று எழுபத்தொன்று. முன்னேற்றம் தெரிகிறது. இப்போது கிடைக்கும் பெட்ரோலின் தரத்தைப் பற்றி யாராவது உட்கார்ந்து ஒரு நல்ல கட்டுரை எழுத வேண்டும்.

ஜனவரி 28, புதன்

சீர் வந்தது.

காலையில் இரண்டு கார்கள் வாசலில் நின்றன. மச்சான், அவர் மனைவி, தொழிற்சாலை ஆட்கள் நான்கு பேர். மொத்தம் ஏழு தட்டு. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, இனிப்பு, மிதுனாவுக்குப் பட்டு, எனக்கு வேட்டி. ஏழாவது தட்டில் சிவப்புப் பட்டுத்துணியின்மேல், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் மல்லிகைப்பூ சுற்றிய ஃப்யூயல் பம்பு. எதிர்வீட்டுக்காரர் செருப்புப் போட மறந்து வெளியே வந்து நின்றார்.

நான் முதலில் கவனித்தது சந்தனத்தை.

"மச்சான், பெட்ரோல் உறிஞ்சற வாயில சந்தனம் போனா இன்ஜெக்டர் அடச்சுக்குமுங்க. இது இனி உதவாதுங்க."

"வாய்க்கு ரப்பர் மூடி போட்டுட்டுத்தானுங்க மாப்ள பொட்டே வெச்சேன்" என்றார். "முப்பத்தஞ்சு வருசமா மோட்டாருக்குப் பொட்டு வெக்கறனுங்க. எங்க வெக்கோணும், எங்க வெக்கக்கூடாதுன்னு தெரியாதுங்களா?"

மூடி போட்டுத்தான் இருந்தது.

"ரொம்பப் பெருசுங்க. வேண்டியதுக்கு மேல ஊத்தும். மிச்சம் டாங்கிக்குத் திரும்பற கொழாய் தாங்காதுங்க."

"கொழாய மாத்திக்கறதுங்க. பத்தலீன்னாத்தான் என்னத்த மாத்தறது?"

மிதுனா தட்டை வாங்கிக்கொண்டு அவர் காலில் விழுந்தாள். அந்த மனிதர் அழுதார். ஒரு பம்பைக் கொடுத்துவிட்டு ஒருவர் அழுவதை என் தொழிலில் முதல்முறையாகப் பார்க்கிறேன். பம்பை வாங்கியவர்கள் அழுவதுதான் வழக்கம்.

வேட்டியின் கரை எனக்குப் பிடித்த நிறம். அது தற்செயலாக இருக்க வேண்டும்.

ஜனவரி 30, வெள்ளி

நடுநிலை என்று ஒன்று இருப்பதால் அவர் பம்பையும் பூவை எடுத்துவிட்டு மேடையில் பூட்டினேன். அதே கேஜ், அதே பேட்டரி, அதே அழுத்தம். இருநூற்று அறுபது. திரும்பும் குழாயும் தாங்கியது.

இரண்டு முறை செய்தேன். ஒரே சோதனையில் ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் அனுபவசாலி சந்தேகப்பட வேண்டும்.

சாப்பிடும்போது மிதுனா கேட்டாள்: "ரெண்டுல எதுப்பா நல்லது?"

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதாம்மா" என்றேன். 'ஏறக்குறைய' நல்ல சொல். உள்ளே தாராளமாக இடம் உண்டு.

பிப்ரவரி 1, ஞாயிறு

பின் சீட்டைக் கழற்றி, டாங்கி மூடியைத் திறந்து, என் பம்பைப் பொருத்தினேன். சீர்ப் பம்பைப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன். அது எங்கும் போய்விடாது.

லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்து டர்போவின் பூஸ்டைக் கொஞ்சம் இறக்கினேன். காற்றின் அழுத்தம் குறைந்தால் பெட்ரோலும் குறைவாகப் போதும், என் பம்பே தாராளம். சிறிய பாதுகாப்புத் திருத்தம். எஞ்சினைப் பற்றியது என்பதால் மிதுனாவிடம் சொல்லும் அவசியம் எழவில்லை.

மேல்தொட்டி கழுவினோம். மச்சானின் மோட்டார் உடனே நிரப்பிவிட்டது. எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஓடுதளத்தில் பயிற்சி. எஞ்சின் சுத்தமாக ஓடியது. சூடு சரி, பிளக்கின் நிறம் சரி. எடுத்த நேரம் மட்டும் முதல் மூன்றுக்கு வேண்டியதைவிட ஒரு விநாடிக்கு மேல் அதிகம். கால்மைல் ஓட்டத்தில் ஒரு விநாடி என்பது மற்றவர்கள் போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றும் நேரம்.

மிதுனா மூன்று முறை ஓட்டிவிட்டு வந்தாள்.

"அப்பா, வண்டி நல்லாத்தான இருக்குது?"

"எஞ்சின் நல்லா இருக்குதும்மா."

"அப்ப நானா?"

எங்கள் ஏற்பாட்டின்படி நான் ஓட்டுவதைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் கேட்கும்போது சொல்லாமலிருப்பது மரியாதை இல்லை.

"கிளட்ச்ச இன்னும் கொஞ்சம் நெதானமா வுட்டுப் பாரு" என்றேன்.

நிதானமாக விட்டாள். நேரம் இன்னும் கூடியது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் வெயில் பட்டதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது சூலூரில் டீக்கு நிறுத்தினோம். அவள் குடிக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மிதுனா காலையிலிருந்து நிறுத்திவைத்த காரில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருக்கிறாள். முயற்சி நல்ல குணம்.

சுகந்தி, "அவ சோறு திங்கறதில்ல, கவனிச்சீங்களா?" என்றாள். பந்தயத்துக்கு முன் எடை குறைவது நல்லது என்றேன். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 12, வியாழன்

எதிர்பாராத திருப்பம்.

"அப்பா, மாமாவோட பம்பப் போட்டுரலாம்" என்றாள் மிதுனா.

"எதுக்கு?"

"நான் எப்படியும் தோக்கத்தான் போறேன். அவரு குடுத்த பம்போட தோத்தா அவரு மனசாவது நெறையும். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். வீட்டில் நான் சொல்வதை அப்படியே நம்பும் ஒரே ஆள் அவள். இது இவ்வளவு அசௌகரியமான விஷயம் என்று இதுவரை தோன்றியதில்லை.

பம்பை மாற்றினேன். பூஸ்ட் இறக்கிய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே பெரிய பம்பு வந்தும் வேகம் கூடாது. மச்சானின் பம்பால் ஒரு பயனும் இல்லை என்பது சனிக்கிழமை கடைசிப் பயிற்சியில் எல்லார் முன்னிலையிலும், சோதனை முறையில் நிரூபணமாகும்.

பிப்ரவரி 14, சனி

நிரூபணமானது.

கடைசிப் பயிற்சி. மச்சான் தன் நான்கு ஆட்களையும் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோற்றையும் கொண்டுவந்திருந்தார். பின் சீட்டில் காதை வைத்துத் தன் பம்பின் சத்தத்தைக் கேட்டு, "மூச்சு சீரா இருக்குதுங்க" என்றார். மிதுனா ஓட்டினாள். போன வாரத்து நேரமேதான்.

அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பல வருடமாக எதிர்பார்த்த காட்சி.

"என்னங்க மச்சான், பம்பு முங்கிப்போச்சுங்களா?"

அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்ள, மோட்டாரு நல்லா இருந்தும் தண்ணி வல்லீன்னா எங்காளுங்க மோட்டாரத் தூக்க மாட்டாங்க. மேல எவனோ கேட் வால்வ மூடி வெச்சிருக்கறான்னு மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

"சாப்பிடலாமுங்களா?" என்றேன்.

"யாரும் எதையும் மூடல மாமா. நாந்தான்" என்றாள் மிதுனா. "கார் அப்பா குடுத்தது நல்ல கார். பம்பு நீங்க குடுத்தது நல்ல பம்பு. ஓட்டறவதான் செரியில்ல. சென்னைக்காரருக்குப் போன் பண்ணி வராதீங்கன்னு சொல்லிடறேன். அவரு எதுக்கு வீணா வரோணும்?"

போனை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"நாளைக்கு ஓட்டிட்டுப் பேசு அம்மிணி. சீர் வாங்குன பொண்ணு மாமன் பேச்சுக்கு ஒரு நாள் கேப்பா."

அவள் போனை வைத்தாள். நான் புளிச்சோறு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பாதியைக் காக்கைக்குப் போட்டேன்.

நிலைமையைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். பூஸ்டை இப்படியே விட்டால் பம்பு விஷயத்தில் நான் வென்றவன். பழைய இடத்துக்கு ஏற்றினால் கார் பறக்கும். நேற்று வரை ஓடாத கார் இன்று ஓடியதற்குப் பம்புதான் காரணம் என்று கோயம்புத்தூர் முழுக்க அவர் சொல்வார். அடுத்த இருபது வருடம் ஒவ்வொரு பந்தியிலும் நான் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

சுகந்தி, "என்னத்த எழுதறீங்க?" என்றாள். கணக்கு என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பந்தயம். மிதுனா ஓட்டுநர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் லேப்டாப்பை இணைத்து, பாதுகாப்புக்காக இறக்கியிருந்த பூஸ்டைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். நிமிர்ந்தபோது அவள் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

"என்னப்பா?"

"சும்மா பாத்தேன்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஏற்பாடு இன்னும் அமலில் இருந்தது.

இரண்டாவதாக வந்தாள். சென்னைக்காரர் அங்கேயே கைகுலுக்கினார். அணியில் இடம் உறுதி. சென்னியப்பன் அழுதுகொண்டே கண்ணில் பட்டவர்கள் கையையெல்லாம் பிடித்து, "பம்பு எங்க வூட்டுச் சீருங்க" என்றார். முதல் பரிசு வாங்கியவனிடமும் போய்ச் சொன்னார். அவன் பயந்துபோய் நன்றி சொன்னான். தொழிற்சாலை ஆட்கள் அவரைத் தூக்கினார்கள். எஞ்சின் செய்தவனை யாரும் தூக்கவில்லை. நான் சற்றுக் கனம்தான்.

மிதுனா என் பக்கமே வரவில்லை. வெற்றி பெற்றவர்களுக்கு நிறைய வேலை இருக்கும்.

பிப்ரவரி 16, திங்கள்

மிதுனா காலையில் பட்டறைக்கு வந்தாள். ஸ்பேனர் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"போன வாரம் வுட்ட மாதிரியேதான் நேத்தும் கிளட்ச்ச வுட்டேன். சீட்டு முதுகுல வந்து அடிச்சுது. அந்த லேப்டாப்புல என்ன பண்ணுனீங்க?"

"பூஸ்ட்டக் கொஞ்சம் ஏத்துனேன்."

"எப்ப எறக்குனீங்க?"

"ஒண்ணாந்தேதி."

"எதுக்கு?"

பெட்ரோலின் தரம், இந்தியச் சூழலில் அழுத்தமானிகளின் நம்பகத்தன்மை, எஞ்சின் ஒன்றுதான் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். சொல்லி முடித்தபோது எனக்கே அது நீளமாகப் பட்டது.

"உங்க பம்பு பத்தல" என்றாள்.

"பத்தல."

"மாமாவோடது பத்துச்சு."

"ஆமா."

"அன்னிக்கு நான் காருக்குள்ள அழுதுட்டிருந்தேன். பாத்தீங்களா?"

வெயில் என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

"பாத்தேன்" என்றேன்.

எழுந்துகொண்டாள். "கார் நாளையிலருந்து மாமாவோட ஷெட்டுல நிக்கட்டும். சென்னையிலருந்து அவங்க ஆளு வந்து எஞ்சினப் பாத்துக்குவாரு. லேப்டாப்ப எடுத்து வெச்சிருங்க. பாஸ்வேர்டையும்."

"மாமாகிட்டச் சொல்லிட்டயா?"

"சொல்லல. சொன்னா அடுத்த பொங்கலுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுத்து உங்கள மன்னிச்சுருவாரு. அவ்வளவு சுளுவா வேண்டாம்."

பிப்ரவரி 17, செவ்வாய்

லாரி வந்தது. காரை ஏற்றினார்கள். சென்னியப்பன் புது வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சுகந்தி அவருக்கு மட்டும் காப்பி கொடுத்தாள்.

"வருத்தப்படாதீங்க மாப்ள" என்றார். "பம்பு நல்லா இருந்துட்டா எஞ்சின யாரு வேணா பாத்துக்கலாமுங்க."

இதற்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றுமே நல்ல பதில்கள். மிதுனா லாரியின் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. கார் எந்தப் பம்புலீங்க ஓடுச்சு?" என்றார் மச்சான்.

"உங்க பம்புலதானுங்க மச்சான்" என்றேன்.

டிரைவர் லாரியைக் கிளப்பியிருந்தார். சென்னியப்பன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கப்பா" என்றாள் மிதுனா. "மாமாவுக்குக் கேக்கல."

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து நின்றார். இந்த முறை செருப்புப் போட்டிருந்தார்.

சத்தமாகச் சொன்னேன்.